பெண் பிள்ளை படிப்பை நிறுத்திவிடாமல் இருக்க நாம் என்ன செய்யலாம்?

எந்தப் பெண்ணும் ஒரே நாளில் படிப்பை விடுவதில்லை. முதலில் வாரத்தில் ஒரு நாள் லீவு, அப்புறம் சேர்ந்தாற்போல் மூன்று நாள், திரும்பி வந்து உட்கார்ந்தால் பாடம் எங்கேயோ போயிருக்கும், கேட்கவும் கூச்சம், கடைசியில் "எனக்குப் படிப்பு ஏறலை" என்று அவளே சொல்லிவிடுவாள். அந்த மூன்று நாளிலேயே யாராவது போய் விசாரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பேரை எடுத்த பிறகு போய் நின்றால் ரொம்பக் கஷ்டம்.

ஆகவே முதலில் வருகைப் பதிவேடு. நீங்கள் ஆசிரியராக இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். எத்தனை நாள் வரவில்லை என்பதைவிட, எந்தெந்த நாள் என்று பாருங்கள். வாரா வாரம் ஒரே கிழமை என்றால் அன்றைக்கு வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருக்கலாம். மாதாமாதம் மூன்று நான்கு நாள் என்றால் மாதவிடாயாக இருக்கலாம். பணம் கட்டச் சொன்ன மறுநாளிலிருந்து காணோம் என்றால் காரணத்தைத் தேடவே வேண்டாம்.

வீட்டுக்குப் போனால் "ஏன் அனுப்பலை?" என்று ஆரம்பிக்காதீர்கள், அது குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும். "ரெண்டு நாளா காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று கேளுங்கள். அப்புறம், காலையில் எழுந்ததிலிருந்து அவள் என்னென்ன வேலை செய்கிறாள் என்று மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள். அந்த வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டியாகவோ மாமாவாகவோ இருக்கலாம்.

பணம் கொடுப்பதாக இருந்தால் கட்டணத்தை நேராகப் பள்ளியில் கட்டி ரசீதை வீட்டில் கொடுத்துவிடுங்கள். கட்டணமே இல்லாத பள்ளியிலும் செருப்பு, நோட்டு, பஸ் காசு என்று செலவு இருக்கத்தான் செய்யும். தயவுசெய்து வகுப்பு முன்னால் நிறுத்திப் பையைக் கொடுத்துப் போட்டோ எடுக்காதீர்கள், அந்த வெட்கத்துக்கே மறுநாள் வராமல் போகிற பிள்ளைகள் உண்டு.

தூரம் பெரிய தடை. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் அதன் பலன் அதிகம் தெரிந்தது. சைக்கிளுக்கு வழியில்லையா, ஒரே வழியில் போகும் நான்கு பெண்களைச் சேர்த்துவிடுங்கள். பள்ளியில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், குப்பைக்கூடை மூன்றும் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். எதற்கு என்று கேட்காமல் நாப்கின் எடுத்துக் கொடுக்க ஓர் ஆசிரியை இருந்தால் போதும்.

கல்யாணப் பேச்சு எழுந்தால்தான் நிலைமை சிக்கலாகும். பங்களாதேஷ் 1994இல் நாடு முழுக்கக் கொண்டுவந்த பெண்கள் உதவித்தொகைக்கு 75 சதவீத வருகையும், கல்யாணம் ஆகாமல் இருப்பதும் நிபந்தனை. "இப்போது கல்யாணம் பண்ணினால் இந்தப் பணம் நின்றுவிடும்" என்பது வீட்டில் எடுபடுகிற பேச்சு. நீங்களும் அப்படிக் கையில் பிடிக்கக்கூடிய ஒன்றோடு போங்கள், அறிவுரை மட்டும் வேலைக்கு ஆகாது. தேதியே குறித்துவிட்டார்கள் என்றால் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசி, அவளுக்கு ஆபத்து வராதபடி குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுங்கள்.

கர்ப்பமானதாலோ குழந்தை பிறந்ததாலோ நின்ற பெண்ணையும் விட்டுவிடக் கூடாது. தான்சானியா 2021இல்தான் குழந்தை பெற்ற பெண்கள் மறுபடி பள்ளியில் சேரலாம் என்று அனுமதித்தது. உங்கள் பள்ளியில் "சேர்க்க மாட்டோம்" என்று வாயால் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அதற்கு விதியே இருக்காது.

திரும்பி வந்தவளுக்கு விட்டுப்போன பாடத்தைத் தினமும் ஒரு மணி நேரமாவது யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும், மேல்வகுப்புப் பெண்ணே போதும். முதல் வாரம் தோழி பக்கத்தில் உட்கார வையுங்கள், ஏன் வரவில்லை என்று வகுப்பு நடுவில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளும்படி ஆசிரியரிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள்.