பழைய தமிழ்ப் புத்தகத்தை டைப் அடிக்காமல் எழுத்தாக எடுக்க

காரைக்குடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கும்பாபிஷேக மலர், தாத்தா அச்சடித்த பாட்டுப் புத்தகம் என்று எதையாவது கொண்டுவந்து, "டைப் அடிக்காமலே எடுத்துடலாமாமே அண்ணே?" என்பார்கள். எடுக்கலாம். ஆனால் படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக்கும் ஓசிஆர் மென்பொருளின் பங்கு நடுவில் கொஞ்சம்தான். முன்னால் ஸ்கேன், பின்னால் திருத்தம், இவைதான் நேரத்தைத் தின்பவை.

ஸ்கேனருக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), கிரே நிறம் போதும். அடிக்குறிப்பு மாதிரி பொடி எழுத்து இருந்தால் 400 வையுங்கள். 600 வைத்தால் ஃபைல்தான் பெருக்கும். தாள் மெலிந்து பின்பக்க அச்சு தெரிகிறதென்றால் பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையைச் செருகுங்கள், மறைந்துவிடும். கோணல் வரியை நேராக்கி, ஓரத்து நிழலை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நிழலையும் எழுத்தென்று எண்ணி எதையாவது படித்து வைக்கும். இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தை நான் நடுவில் வெட்டி இரண்டு படமாகவே கொடுப்பேன்.

அப்புறம் மென்பொருள். கணினியில் கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் மேலே படமும் கீழே எழுத்தும் வரும். தமிழுக்கு எனக்கு முதல் தேர்வு இதுதான். ஆனால் கிரயப் பத்திரம், வங்கிக் காகிதம் போன்றவற்றை வெளியே ஏற்ற நான் சம்மதிப்பதில்லை. அவற்றுக்கு டெசராக்ட். 2005-ல் திறமூலமாக, அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று, வந்த இலவச மென்பொருள், இணையம் இல்லாமல் நம் கணினியிலேயே ஓடும். கட்டளை தட்டத் தெரியாதவர்கள், பட்டனை அழுத்தியே அதை இயக்க உதவும் ஜிஇமேஜ்ரீடர் என்ற மென்பொருள் வழியாகப் பயன்படுத்தலாம். அதில் தமிழ் மொழிக் கோப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பக்கத்தில் ஆங்கிலம் இல்லையென்றால் ஆங்கிலத்தைத் தேர்வு செய்யாதீர்கள், தமிழுக்கு நடுவே ஆங்கில எழுத்து முளைக்கும். கையால் எழுதிய பத்திரமா? டைப் அடித்துவிடுங்கள், அதுதான் சீக்கிரம்.

இனி திருத்தம். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா எல்லாம் சுழித்திருக்கும். ணை, லை, ளை, னை யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு இருக்கும். மென்பொருள் இங்கேதான் தடுக்கி விழும். நல்லவேளையாக, ஒரே புத்தகத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தப்பாகப் படிக்கும். முதல் சில பக்கங்களைக் கையால் திருத்தி, எது எதுவாக மாறுகிறது என்று குறித்துக்கொண்டு, மீதியைத் தேடி மாற்றுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், மொத்தமாக மாற்றினால் சரியாக இருந்ததும் கெடும்.

எந்தக் காலத்து அச்சிலும் வரும் தவறுகள் சில உண்டு. 'பாடல்' 'பரடல்' ஆகும். புள்ளி காணாமல் போகும். 'ஔவை' 'ஒளவை' ஆகும், 'கௌரி' 'கெளரி' ஆகும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் பின்னால் தேடும்போது அகப்படாது. புள்ளிகளால் ஆன குட்டி வட்டம் எங்கே தெரிந்தாலும் அங்கே ஒரு துணையெழுத்து அநாதையாக நிற்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விடப் படுத்துவது வரி முடிவு. நம் அச்சகங்கள் இணைப்புக்கோடு போடாமலே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும். 'வந்திருக்' ஒரு வரியில், 'கிறார்கள்' அடுத்ததில். சரி, 'க்'கில் முடியும் வரியை எல்லாம் ஒட்டிவிடலாம் என்றால் 'அதைக்' என்று முடிந்து 'கேட்டான்' என்று தொடங்கும் வரியும் ஒட்டிக்கொள்ளும். மென்பொருளை இதில் நம்பாதீர்கள், ஆள் உட்கார்ந்து படித்தே ஆகவேண்டும்.

சர்வே எண், தேதி, தொகை இவற்றுக்குப் பழைய அச்சக முறையே சிறந்தது: ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்கேன் படங்களை அழித்துவிடாமல், பக்க எண்ணையே பெயராக வைத்து எழுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.