ஹோம் ரன்னை மட்டும் நம்பும் அணியைக் கண்டுபிடிப்பது எப்படி

"ஹோம் ரன் வந்தா ஜெயிக்கிறாங்க, வரலைன்னா தோத்துடுறாங்க." எங்கள் ஊர் பேஸ்பால் அணியான புளூ ஜேஸ் தோற்ற மறுநாள் டொரன்டோவில் எங்கள் ஆபீஸில் இந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு டீ குடிக்க முடியாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஹோம் ரன் (பந்தை வேலி தாண்டி அனுப்பும் அடி, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்த நாளில் எந்த அணியும்தான் அதிகம் ஜெயிக்கும். அந்த வசனத்தை வைத்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு அணிக்கு உண்மையிலேயே அந்த வியாதி இருக்கிறதா என்று நான் எப்படிப் பார்ப்பேன் என்பதை இங்கே எழுதுகிறேன். ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரும் (ஆட்டத்தின் எண்களைச் சுருக்கித் தரும் அட்டவணை) அணியின் 26 பேர் பட்டியலும் கையில் இருந்தால் போதும்.

முதலில் கணக்கு. பாக்ஸ் ஸ்கோரின் அடியில் ஹோம் ரன்களுக்கென்று ஒரு வரி இருக்கும்: யார் அடித்தார், எந்த இன்னிங்ஸில், அப்போது பேஸில் (ஓடுகிறவர்கள் ரன்னுக்காக நின்று காத்திருக்கும் மூன்று இடங்கள்) எத்தனை பேர். பேஸில் இருந்தவர்களோடு அடித்தவரையும் சேர்த்தால் அந்த அடியில் வந்த ரன் கிடைத்துவிடும். ஒரு மாத ஆட்டங்களுக்கு இப்படிக் கூட்டி, அணி எடுத்த மொத்த ரன்னால் வகுத்துப் பாருங்கள். இப்போதைய மேஜர் லீக்கில் (வட அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் லீக்) நாற்பது சதவீதத்தை ஒட்டி வந்தால் அது சாதாரணம். ஐம்பதைத் தாண்டினால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இந்தச் சதவீதத்துக்கு 'கியென் எண்' என்று பெயரும் உண்டு. 2005இல் உலகத் தொடரை (லீக்கின் இறுதித் தொடர்) வென்ற சிகாகோ வைட் சாக்ஸின் மேனேஜர் ஓஸி கியெனின் பெயர் அது. பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டுவது), பேஸ் திருட்டு (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) என்று சின்ன ஆட்டம் ஆடி ஜெயித்த அணி என்று அவர்களை இன்றும் புகழ்கிறார்கள். அந்த வருடம் அவர்கள் அடித்த ஹோம் ரன் 200!

இந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து அணிக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அது இரண்டு காரணத்தால் ஏறும். ஹோம் ரன் அதிகமாக இருக்கலாம், அல்லது மற்ற வழியில் ரன் வராமல் இருக்கலாம். முதலாவது நல்ல செய்தி, இரண்டாவதுதான் நோய். இதைப் பிரித்துப் பார்க்க 2010 புளூ ஜேஸைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்த வருடம் ஹொசே பௌட்டிஸ்டா மட்டும் 54, அணி மொத்தம் 257. ரன்களில் பாதிக்கு மேல் ஹோம் ரன்னில்தான் வந்தது. வென்றது 85 ஆட்டம், பிரிவில் நான்காவது இடம். அதே பிரிவில் டாம்பா பே ரேஸ் 160 ஹோம் ரன்தான் அடித்தது. ஆனால் ரேஸ் 802 ரன், ஜேஸ் 755. ரேஸ் 96 ஆட்டம் வென்று பிரிவையும் எடுத்துக்கொண்டது.

இன்னொரு வேடிக்கை, இரண்டு அணிகளின் பேட்டிங் சராசரியும் (அடித்துப் பேஸை அடையும் விகிதம்) கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஜேஸ் .248, ரேஸ் .247. வித்தியாசம் ஆன்-பேஸ் சதவீதத்தில், அதாவது எந்த வழியிலாவது அவுட்டாகாமல் பேஸை அடையும் விகிதத்தில். ரேஸ் .333, ஜேஸ் .312. அதாவது ரேஸ் பேட்டர்கள் பொறுமையாக நின்று வாக் (நான்கு தவறான பந்துக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கினார்கள். ஜேஸ் பேட்டர்கள் முதலில் கண்ணில் பட்ட பந்தையே வேலி தாண்டி அனுப்பப் பார்த்தார்கள். ஜேஸின் ஏரன் ஹில் 26 ஹோம் ரன் அடித்தார், சராசரி .205! பேஸில் ஆளில்லாமல் ஹோம் ரன் அடிப்பது இலை போடாமல் பாயசம் ஊற்றுவது போல. ஆகவே சதவீதத்தைப் பார்த்த கையோடு ஆன்-பேஸையும் பாருங்கள். லீக் சராசரிக்குக் கீழே இருந்தால் சந்தேகம் உறுதி.

அடுத்தது பட்டியல். எனக்குப் பிடித்த வேலை இதுதான், ஆட்டம் பார்ப்பதைவிடக்கூட. 26 பேரில் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) 13 பேருக்கு மேல் வைக்க விதி இடம் கொடுக்காது. பெரும்பாலான அணிகள் அந்த 13ஐயும் நிரப்பிவிடும். மிச்சம் 13 பேட்டர். டிஎச் (ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்பவர்) உட்பட ஒன்பது பேர் ஆட இறங்கினால் பெஞ்சில் நான்கே பேர். அதில் ஒருவர் மாற்று கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), அவரை அவசரத்துக்கு அன்றி யாரும் தொட மாட்டார்கள். ஆக மேனேஜர் கையில் இருப்பது மூன்று சீட்டு. அந்த மூன்று பேரையும் தனித்தனியே எழுதிவைத்துக் கேளுங்கள்: ஒன்பதாவது இன்னிங்ஸில் மெதுவாக ஓடும் ஆளுக்குப் பதிலாக பேஸில் யார் நிற்பார்? ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யார் போவார்? எதிரணி இடது கை பிட்ச்சரைக் கொண்டுவந்தால் பதிலுக்கு யார்?

மூன்று கேள்விக்கும் பதில் இல்லையென்றால், பலமாக அடிக்க மட்டுமே தெரிந்தவர்களை அணி வாங்கிக் குவித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களை மைதானத்தில் ஒளித்துவைக்க முதல் பேஸ், லெஃப்ட் ஃபீல்டு, டிஎச் என்று மூன்று இடம்தான். நான்காவது ஆள் வந்தால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஓடவும் தெரியாமல் ஃபீல்டிங்கும் தெரியாமல் ஒரு சீட்டை அடைத்துக்கொள்வார். ஜூலைக் கடைசியில் டிரேடு கெடு (அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) நெருங்கும்போது "இன்னொரு பவர் பேட்டர் வேணும்" என்று ரேடியோவில் கத்துகிறவர்களிடம் நான் கேட்பதும் இதுதான்: வாங்கலாம் சாமி, எங்கே நிறுத்துவீர்கள்?

2025 ஜேஸ் பெஞ்சைப் பாருங்கள். உலகத் தொடரின் முதல் ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுடன் 2-2. ஒரு வாக், ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை கொண்டுபோகும் அடி), பந்து உடம்பில் பட்டு இன்னொருவர்: பேஸ் நிறைந்தது. எர்னி கிளெமன்ட் சிங்கிள் அடித்தார். பெஞ்சிலிருந்து வந்த நேதன் லூக்ஸ் அவசரப்படாமல் வாக் வாங்கி ஒரு ரன்னை உள்ளே தள்ளினார். அதன்பின் இடது கை பிட்ச்சர் ஆன்டனி பாண்டாவுக்கு எதிராக, இடது கை பேட்டரான அடிசன் பார்ஜரை மாற்று பேட்டராக இறக்கினார்கள். இடது கை பிட்ச்சருக்கு வலது கை பேட்டரை இறக்குவதுதான் வழக்கம், இது அதற்கு நேர் மாறான துணிச்சல். அவர் அடித்தது கிராண்ட் ஸ்லாம், அதாவது பேஸ் மூன்றும் நிறைந்திருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன். உலகத் தொடர் வரலாற்றில் மாற்று பேட்டர் ஒருவர் அடித்த முதல் கிராண்ட் ஸ்லாம் அதுதான். அந்த இன்னிங்ஸில் மட்டும் ஒன்பது ரன். தலைப்புச் செய்தி பார்ஜர், ஆனால் பேஸை நிரப்பிக் கொடுத்தது அவருக்கு முன்னால் வந்தவர்கள்.

உலகத் தொடருக்கு முந்தைய தொடரில் சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டமும் அப்படித்தான். ஜார்ஜ் ஸ்பிரிங்கரின் மூன்று ரன் அடியைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு முன் பார்ஜர் ஒரு வாக், கைனர்-ஃபலேஃபா ஒரு சிங்கிள், ஹிமெனெஸ் ஒரு பன்ட். கைனர்-ஃபலேஃபாவை ஆகஸ்ட் கடைசியில் பிட்ஸ்பர்க் கைவிட்டபோது ஜேஸ் எடுத்துக்கொண்டது, செய்தியாகக்கூடப் பெரிதாக வரவில்லை.

அந்த சீசனில் ஜேஸ் 191 ஹோம் ரன், நியூயார்க் யாங்கீஸ் 274. இரண்டுக்கும் 94 வெற்றி. பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் நடக்கும் வெளியேற்றத் தொடர்கள்) யாங்கீஸை ஜேஸ் 3-1 என்று முடித்துவிட்டது. ஆனால் யாங்கீஸைக் கிண்டல் செய்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: சீசன் முழுக்க அதிக ரன் எடுத்தது அவர்கள்தான், 849. ஆன்-பேஸிலும் அவர்கள் மோசமில்லை. மேலே சொன்ன சோதனையில் அவர்கள் தேறிவிடுவார்கள். நான்கு ஆட்டத் தொடரில் எதுவும் நடக்கும்.

பிளேஆஃப் நடக்கும் அக்டோபர் என்றதும் "அங்கே ஹோம் ரன் செல்லாது" என்பார்கள். இதை நம்பாதீர்கள். நல்ல பிட்ச்சரிடம் தொடர்ந்து மூன்று சிங்கிள் எடுப்பது ஒரு ஹோம் ரன் அடிப்பதைவிடக் கடினம். ஜேஸின் கனவை உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் முடித்ததே டாட்ஜர்ஸின் ஹோம் ரன்கள்தான்: எட்டாவது இன்னிங்ஸில் மன்சி, ஒன்பதாவதில் ரோஹாஸ், பதினொன்றில் வில் ஸ்மித். அக்டோபரில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: பேஸ் நிறைந்திருக்கும்போது பந்தில் மட்டையைப் படவைக்க ஆள் இருக்கிறாரா?

2019 மினசோட்டா ட்வின்ஸ் 307 ஹோம் ரன் அடித்து அதுவரை இருந்த சாதனையை முறியடித்தது. ஐந்து பேர் முப்பதைத் தாண்டினார்கள். பிளேஆஃப் மூன்றாவது ஆட்டத்தில் யாங்கீஸின் பிட்ச்சர் செவரினோவுக்கு எதிராக, இரண்டாவது இன்னிங்ஸில் பேஸ் மூன்றும் நிறைந்தது, ஒரு அவுட்கூட இல்லை. ஒருவர் தூக்கி அடித்துக் கேட்ச் கொடுத்தார், அடுத்த இருவர் ஸ்ட்ரைக்-அவுட், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட். ரன் பூஜ்யம். தொடரை மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள்.

அதனால் பட்டியலில் ஆறு முதல் ஒன்பதாவது இடம்வரை ஆடுபவர்களின் ஸ்ட்ரைக்-அவுட் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். மேல்வரிசையில் ஸ்ட்ரைக்-அவுட் அதிகமிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், அங்கே பவருக்காகக் கொடுக்கும் விலை அது. கீழ்வரிசையிலும் அப்படியே என்றால் அணி நிர்வாகம் ஒரே ரக ஆளை ஒன்பது முறை வாங்கியிருக்கிறது. இந்தக் கணக்கை மே மாதக் கடைசியில் ஒருமுறை போடுங்கள், டிரேடு கெடு முடிந்த வாரம் இன்னொருமுறை. ஏப்ரலில் போட வேண்டாம். கூரையில்லாத பல வடக்கு மைதானங்களில் அந்தக் குளிரில் பந்து சரியாகப் பறக்காது, பல அணிகள் ஏழையாகத் தெரியும்.