சீரியல்@0 உண்மையில் எங்கே இருக்கிறது?

பெங்களூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். ‘மூணாவது கிராஸ், ரெண்டாவது மெயின்’ என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் நகரமாட்டார், எந்த ஏரியா என்பார், ஏனென்றால் ஜெயநகரிலும் அது உண்டு, இந்திரா நகரிலும் உண்டு. டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் எந்த ஹார்ட்வேர் எங்கே இருக்கிறது என்று லினக்ஸ் கெர்னலுக்குச் சொல்லும் மரவடிவப் பட்டியல், அதன் ஒவ்வொரு கிளையும் ஒரு நோட். அதில் இருக்கும் முகவரிகளும் இப்படித்தான், ஏரியா பெயர் மேலே இருக்கும் நோடில் இருக்கும்.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த மதுரைப் பையன் ஒருநாள் பீகிள்போன் பிளாக் என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டின் டிவைஸ் ட்ரீ எழுதியிருக்கும் டிடிஎஸ் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணா, எல்லா யுவார்ட்டும் சீரியல்@0ன்னே இருக்கு, மேனுவல்ல யுவார்ட்1 48022000ன்னு போட்டிருக்கு, எது சரி?" என்றான். ரெண்டும் சரி. (யுவார்ட் என்பது சீரியல் போர்ட். இந்தக் கட்டுரையில் வரும் முகவரி, நீளம் எல்லாமே ஹெக்ஸ், அதாவது 16 அடிமான எண்கள்.)

கீழிருந்து மேலே ஏறுங்கள். சீரியல்@0 நோடில் முகவரியையும் நீளத்தையும் சொல்லும் வரி ரெக்: முகவரி 0, நீளம் 1000, அதாவது 4 கேபி. அதன் அப்பா, அதாவது நேர் மேலே இருக்கும் நோட், டார்கெட்-மாட்யூல்@22000. அங்கே ரேஞ்சஸ் என்ற வரியில் மூன்று எண்கள்: 0, 22000, 1000. முதலாவது பிள்ளை சொல்லும் முகவரி, இரண்டாவது அதே இடத்துக்கு மேல்வீட்டில் இருக்கும் முகவரி, மூன்றாவது எவ்வளவு தூரத்துக்கு இது பொருந்தும் என்பது. ஆக 0 இப்போது 22000 ஆகிவிட்டது. அதற்கும் மேலே செக்மென்ட்@0, அங்கே 22000 அப்படியே 22000. இன்னும் மேலே, சிப்புக்குள் சாதனங்களை இணைக்கும் எல்4-பெர் பஸ்ஸில் 0, 48000000, 100000 என்று ஒரு வரி, 22000 அந்த ஒரு எம்பிக்குள் விழுவதால் கூட்டினால் 48022000. கடைசியாக ஓசிபி நோடில் ரேஞ்சஸ் காலியாக இருக்கும், காலி என்றால் ‘மாற்றாதே, அப்படியே மேலே அனுப்பு’ என்று பொருள். பழைய கெர்னல்களில் நேராக சீரியல்@48022000 என்றே எழுதியிருந்தார்கள், படிக்க அதுதான் சுலபம் என்பது என் கட்சி.

எல்லோரும் ஒருமுறையாவது வழுக்கி விழும் இடம்: ரேஞ்சஸ் காலியாக இருப்பது வேறு, ரேஞ்சஸ் என்ற வரியே இல்லாதது வேறு. வரியே இல்லை என்றால் பிள்ளையின் முகவரியை சிபியுவின் முகவரியாக மாற்ற வழியே கிடையாது. சிப்புகளை இரண்டு கம்பியில் இணைக்கும் ஐ2சி பஸ்ஸைப் பாருங்கள், பீகிள்போனின் போர்டு ஈப்ராம் (சின்ன நினைவகச் சிப்) ரெக் 50 என்று இருக்கும், அது மெமரி முகவரி இல்லை, பஸ்ஸில் அந்தச் சிப்பைக் கூப்பிடும் எண், அவ்வளவுதான். அங்கே சைஸ்-செல்ஸ் (நீளத்தை எழுத எத்தனை 32 பிட் எண் என்பது) 0 என்பதால் நீளமும் இல்லை.

செல்ஸ் கணக்கில் இன்னொரு குழப்பம். ஒரு நோடின் ரெக்கைப் பிரிப்பது அதன் அப்பாவின் அட்ரஸ்-செல்ஸும் (முகவரிக்கு எத்தனை எண் என்பது) சைஸ்-செல்ஸும், தன்னுடையது இல்லை. ரேஞ்சஸிலோ முதல் எண்ணுக்கும் நீளத்துக்கும் தன் செல்ஸ், நடு எண்ணுக்கு அப்பாவின் செல்ஸ். 64 பிட் போர்டுகளில் அட்ரஸ்-செல்ஸ் பெரும்பாலும் 2, அப்போது ஒரே முகவரி இரண்டு எண்ணாக வரும், மேல்பாதி முதலில். அதை இரண்டு தனி முகவரிகள் என்று நினைத்து நான் ஒரு மதியம் முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

சரி, போட்ட கணக்கு சரியா என்று எப்படிப் பார்ப்பது? ஓடும் போர்டில் சிஸ் கோப்பகத்தின் பிளாட்ஃபார்ம் டிவைஸ் பட்டியலைத் திறந்தால் 48022000.சீரியல் என்றே பெயர் இருக்கும், கெர்னல் நமக்காக ஏறிப் பார்த்து வைத்த பெயர் அது. இல்லை என்றால் ஸ்டேட்டஸ் டிஸேபிள்டாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ப்ராக் கோப்பகத்தின் ஐஓமெம் கோப்பிலும் தெரியும், ஆனால் சூடோ (நிர்வாகி அனுமதி) போடாமல் படித்தால் எல்லாம் பூஜ்ஜியமாகத்தான் வரும்.

அப்புறம், முகவரி சரியாக இருந்தும், முகவரியை நேராகப் படிக்கும் டெவ்மெம்2 கருவியை வைத்து 48022000ஐப் படித்தால் பஸ் எரர் வரலாம். கணக்கைத் திரும்பப் போட உட்காராதீர்கள். அந்த போர்ட்டை எந்த ப்ரோகிராமும் திறக்கவில்லை என்றால் மாட்யூலின் கிளாக் அணைந்திருக்கும், அணைந்த மாட்யூல் பதில் சொல்லாது. ஒரு டெர்மினலில் போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொன்றில் படியுங்கள்.