ஸ்பீக்கருக்குக் காசு, இணைப்புக்குக் கவனம்

பாட்டுக் கேட்க எந்த அம்ப், அதாவது அம்ப்ளிஃபயர், நல்லது என்று சொந்தக்காரர் யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது அவர்கள் வீட்டு ஹோலின் நீள அகலம். 12 அடிக்கு 14 அடி, சீமெந்துத் தரை. மட்டக்களப்பில் நம்முடைய வீடுகள் பல அப்படித்தான். அந்த ஹோலுக்கு 5 அல்லது 6.5 அங்குல வூஃபர், அதாவது பாஸ் தரும் பெரிய கூம்பு, உள்ள ஒரு சோடி ஸ்பீக்கர் தாராளம். இடுப்பளவு பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் பாஸ் சுவரிலும் மூலையிலும் முட்டி உறுமும், பாட்டின் வரி விளங்காது.

கையிலுள்ள காசைப் பத்துப் பங்காகப் பிரித்தால் ஆறு பங்கை ஸ்பீக்கருக்கு வையுங்கள். மூன்று அம்புக்கு, மிச்சம் வயருக்கு. நல்ல நிலையிலுள்ள இரண்டு அம்புகளுக்கு இடையில் காதுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஸ்பீக்கரை மாற்றினால் பாடுகிறவரே மாறியது போல இருக்கும்.

புதிதாக வாங்கக் காசு போதாதென்றால் பழையதை எடுக்கலாம். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கடையில் வைத்தே ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றிப் பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். அது ஸ்பொஞ்சாக இருந்து, தொட்ட இடம் பொடியாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பழைய ஸ்பொஞ்ச் விளிம்பு நிலைக்காது. ரப்பர் விளிம்பு பல வருடம் தாங்கும். அப்புறம் இரண்டு பெருவிரலையும் கூம்பின் இரு பக்கமும் வைத்து, சமமாக, மிக மெல்ல உள்ளே அமுக்குங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். உள்ளே சரசரவென்று உரசினால் சுருள் காந்தத்தில் முட்டுகிறது என்று அர்த்தம், யார் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

கல்முனையில் மருமகனோடு செட் பார்க்கப் போனபோது ஒரு பெட்டியைக் காட்டி, "மாமா, இதில 2000 வொட் என்டு போட்டிருக்கு, எடுப்பமா?" என்று கேட்டான். "முன்னால உள்ளத விடு மகன், பின்னால திருப்பி வாசி" என்றேன். பின் தகட்டில் மின் நுகர்வு 60 வொட் என்று இருந்தது. சுவரிலிருந்து 60 இழுக்கிற பெட்டி 2000 கொடுக்காது. பி.எம்.பி.ஓ. என்று விளம்பரத்துக்குப் போட்டிருக்கும் கணக்கைப் பார்க்கவே வேண்டாம், தொடர்ந்து கொடுக்கக்கூடிய வொட்டைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். கணக்கைப் பாருங்கள். நம் ஹோலுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 20, 30 வொட் போதும். வொட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான், அதைக் காது "கொஞ்சம் கூடியிருக்கு" என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

பழைய ஜப்பான் அம்புகள், டெனன், ஒன்கியோ, யமஹா எதுவானாலும், கொடுக்கும் காசுக்கு நல்ல சாமான். ஆனால் ஜப்பானுக்கென்று செய்தவை 100 வோல்ட்டுக்கானவை, நம் வீட்டுக் கரண்ட் 230. பிளக் பொருந்துவதற்கு வாங்கும் அடப்டர் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அதை நம்பிச் சொருகினால் அந்த இடத்திலேயே எரியும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் கட்டாயம், அதிலும் 110 இல்லாமல் 100 வோல்ட் தருவதாகக் கேட்டு வாங்குங்கள். அம்பின் தகட்டில் உள்ள வொட்டைவிட ஒன்றரை மடங்காவது தாங்கக்கூடியதாக இருக்கட்டும். அதன் விலையையும் சேர்த்துத்தான் அம்பின் விலை. இன்னொன்று, ஜப்பானின் பழைய எஃப்.எம். ரேடியோ 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே. ஆகவே ரேடியோவுக்காக அந்தச் செட்டை எடுக்காதீர்கள்.

சரி, இணைப்புக்கு வருவோம். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போதும். 7 மீற்றர் ஓடினாலும் அதில் இழப்பது பெரிதல்ல. பளபளக்கும் விலையுயர்ந்த வயருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஆனால் செப்புப் பூசிய அலுமினியம் வேண்டாம், நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

நுனியில் ஒரு சென்ரிமீற்றர் தோலை உரித்து, இழைகளை இறுக்கி முறுக்குங்கள். ஓர் இழை தப்பிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷோர்ட்டாகி அம்ப் போய்விடலாம். வயரின் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும். கோடுள்ளது இரண்டு முனையிலும் சிவப்புக்கு, மற்றது கறுப்புக்கு, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி. பழைய ஸ்பீக்கரில் நிறம் அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பற்றரியின் இரு முனையையும் ஸ்பீக்கரின் இரு முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். வூஃபர் கூம்பு வெளியே தள்ளினால் பற்றரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் ஒன்றும் எரியாது, ஆனால் பாஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது. நான் இதற்குப் போட்டுக் கேட்பது எங்கள் ஊர்க் களரியில் போனில் பதிந்த வடமோடிக் கூத்து. அந்தப் பதிவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், அதனால் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஆளில்லாத இடத்திலிருந்து வர வேண்டும். மத்தளத்தின் தடித்த சத்தம் தரும் தொப்பிப் பக்கம் வயிற்றில் தெரிய வேண்டும், சல்லரித் தாளம் காதைக் கீறக் கூடாது. நீங்கள் நன்றாக அறிந்த பாட்டு எதுவும் சரி.

ஸ்பீக்கரின் மின்தடையை ஓம் என்ற அளவில் எழுதியிருக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் அம்பின் பின்னால் 4 ஓம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஏ, பி என்று இரண்டு சோடிக்கு இடமிருக்கிறதே என்று இரண்டையும் ஒன்றாக ஓட விடாதீர்கள், பல அம்புகளில் ஓம் பாதியாகிச் சூடேறும்.

போனிலிருந்து கேட்க 3.5 மில்லிமீற்றர் முனையிலிருந்து சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. பிளக் வரும் ஒரு வயர் போதும், ஹெட்ஃபோன் ஓட்டை இல்லாத போனுக்கு டிஜிட்டல் சத்தத்தை அம்புக்கு ஏற்றதாக மாற்றும் ஒரு சின்ன டி.ஏ.சி. அம்பில் ஓக்ஸ் அல்லது சீடி என்ற இடத்தில் குத்துங்கள். ஃபோனோ என்பது இசைத்தட்டுக்கு மட்டும், அதில் குத்தினால் பாட்டு கரகரக்கும். டிவியில் ஒப்டிகல் முனை இருந்தால் அதற்கும் ஒரு டி.ஏ.சி. வேண்டும், டிவி செட்டிங்கில் பி.சி.எம். என்று மாற்றாவிட்டால் சத்தமே வராமல் போகலாம்.

ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் அடைக்காதீர்கள். நீங்கள் இருக்கும் கதிரையும் இரண்டு ஸ்பீக்கரும் சம முக்கோணமாக, கீச்சுச் சத்தம் தரும் சின்ன ட்வீட்டர் காது உயரத்தில், பின்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. தரையில் ஒரு பாய், ஜன்னலுக்குத் தடித்த திரை. எதிரொலி அடங்கும், பெரிய செலவும் இல்லை.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. உப்புக் காற்றில் வயர் நுனி பச்சை பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டி, புதிதாக உரித்துப் பூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்கத் தொடங்கியதும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இருக்காமல் பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றி வையுங்கள்.