உங்கள் தரவு எந்தக் கடல்வழியே செல்கிறது என்று கண்டறியும் முறை

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதல் இயங்கிவரும் ஐ2ஐ கடலடிக் கம்பிவடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும் என்பதால், போய்த் திரும்ப அங்கே குறைந்தது 32 மில்லிநொடி ஆகும். இந்த ஒரு கணக்கே நமக்கு அளவுகோல்.

முதலில் சிங்கப்பூரில் உள்ள ஒரு சர்வரைத் தேர்ந்தெடுங்கள். பெரும் நிறுவனங்களின் தளங்கள் இதற்கு உதவாது. அவை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நகல் சர்வரிலிருந்தே பதில் தந்துவிடும். அடுத்து, விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் 'ட்ரேசர்ட்' (tracert) கட்டளையையும், லினக்ஸ் எனில் 'ட்ரேஸ்ரூட்' (traceroute) கட்டளையையும், சர்வரின் முகவரியோடு சேர்த்து இயக்குங்கள். வழியிலுள்ள ரவுட்டர்கள், அதாவது தரவை அடுத்த இடத்துக்கு அனுப்பிவைக்கும் கருவிகள், ஒவ்வொன்றுக்கும் போய்த் திரும்ப ஆன நேரத்தோடு வரிசையாகத் தோன்றும்.

அவ்வரிசையில் நேரம் திடீரென உயர்ந்து, அதன் பின்வரும் வரிகளிலும் அப்படியே நீடிக்கும் இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் தரவு கடலைக் கடந்திருக்கும். ஒரே ஒரு வரியில் மட்டும் உயர்ந்து மீண்டும் குறைந்தால், அந்த ரவுட்டர் பதில் தரச் சுணங்கியது என்றே கொள்ள வேண்டும். ரவுட்டர்களின் பெயர்களில் விமான நிலையக் குறியீடுகள் ஒளிந்திருப்பதும் உண்டு: சென்னைக்கு 'எம்ஏஏ', சிங்கப்பூருக்கு 'எஸ்ஐஎன்'. மொத்தம் 200 மில்லிநொடியைத் தாண்டினால், தரவு ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு போகிறதோ என்று ஐயப்படலாம். எனினும், ஒரே பாதையில் பல கம்பிவடங்கள் இருப்பதால், எது என்பதை நேரம் மட்டும் உறுதிசெய்யாது.