பீட் நிலத்தை மீட்கப் போய்ச் செய்யும் தவறுகள்

மடிந்த செடிகொடிகள் தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடந்து, முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவாவதே பீட். ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் சேரும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடு உள்ள இந்தச் சதுப்புகள், எல்லாக் காடுகளின் மரங்களும் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகமான கார்பனை அடக்கி வைத்திருக்கின்றன. தண்ணீர் வடிந்தால் காற்று உள்ளே புகும், பீட் மட்கத் தொடங்கும், கார்பன் வெளியேறும், தரையும் இறங்கும். இங்கிலாந்தின் ஹோம் சதுப்பில் 1851 வாக்கில் தரைமட்டத்துக்கு நிறுத்திய இரும்புத் தூண், இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது.

வடித்துவிட்டால் விளைநிலமாகிவிடும் என்ற நினைப்புதான் முதல் தவறு. இந்தோனேசியா 1996-இல் மத்திய கலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்க நினைத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டியது. அமிலமும் சத்துக்குறைவும் நிறைந்த அந்த மண்ணில் நெல் கைகொடுக்கவில்லை. மறு ஆண்டே, எல் நினோ வறட்சியில், காய்ந்த பீட் எரிந்தது. வெட்டிய கால்வாயை அடைக்கும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

அந்த அடைப்பு வேலையிலும் தவறு நடக்கிறது. ஒரே இடத்தில் பெரிய அணை கட்டினால், இருபுறமும் நீர் மட்டம் பெரிதும் வேறுபடும். பஞ்சுபோன்ற பீட்டைக் கரைத்துக்கொண்டு நீர் அணையின் பக்கவாட்டில் வழி தேடிக்கொள்ளும். சரிவை அளந்து, படிப்படியாகச் சிறு தடுப்புகள் வைப்பதே நிற்கும். பீட் மேடு பல இடங்களில் கவிழ்த்த தட்டுப்போல் நடுவில் உயர்ந்திருக்கும். ஒரு விளிம்பில் வடிகால் வெட்டினால் நடுப்பகுதி வரை காயும். ஆகவே தன் வேலிக்குள் மட்டும் மீட்புப் பணி செய்பவர், பக்கத்துத் தோட்டத்தின் வடிகாலிடம் தோற்பார். கால்வாய் கிராமத்தாருக்குப் படகுப் பாதையாகவும் இருக்கும். அவர்களைக் கேளாமல் கட்டிய தடுப்பு நீண்ட நாள் நிற்காது. உடைப்பவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. படகு கடக்க வழிவிட்டுக் கட்டுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை.

மரம் நட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் தவறு. ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கன்ட்ரியில் 1980-களில் வரிச்சலுகையை நம்பி, மரமில்லாத திறந்த சதுப்பை உழுது ஊசியிலை மரங்களை நட்டார்கள். இப்போது அவற்றை வெட்டி, உழுத சால்களை மூடிக்கொண்டிருக்கிறார்கள். வெப்பமண்டலப் பீட் காடுகளுக்கு மரம் உரியதுதான். ஆனால் நீர் மட்டம் திரும்பும் முன் நட்ட கன்று அடுத்த வறட்சிக்கே பலியாகலாம்.

மறுபடி நனைத்தால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வரும் என்று தயங்குபவர்களும் உண்டு. வரும், உண்மை. ஆனால் மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் காற்றில் சிதையும். வறண்ட பீட் விடும் கார்பன் டைஆக்சைடோ ஆண்டாண்டாகக் குவியும். ஆழமாக மூழ்கடிக்காமல் தரையை ஒட்டி நீரை நிறுத்தினால் மீத்தேனும் குறையும்.

ஆய்வில் நடக்கும் தவறு வேறு வகை. செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்புவது அதில் ஒன்று. காங்கோ படுகையில் சுமார் 1,45,500 சதுர கிலோமீட்டர் பீட் இருப்பது 2017-இல்தான் உலகுக்குத் தெளிவாகத் தெரிந்தது. படத்துடன், சேற்றில் நடந்து கம்பி செருகி ஆழம் பார்த்த காங்கோ, பிரிட்டன் ஆய்வாளர்களின் கூட்டு உழைப்பும் அதற்குத் தேவைப்பட்டது. ஓரிடத்து முறையை அப்படியே பெயர்ப்பது இன்னொன்று. கனடாவில் ஸ்பாக்னம் பாசியைப் பரப்பிச் சதுப்பை மீட்கிறார்கள். மரக்கட்டையால் ஆன வெப்பமண்டலப் பீட்டில் அதற்கு வேலை இல்லை.

விதியில் சொன்ன அளவையே இலக்காகக் கொள்வதையும் சொல்ல வேண்டும். நீர் மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் பீட் சேதமுற்றதாகக் கருதுகிறது இந்தோனேசிய விதி. அந்த 40-இலும் மேலடுக்கு காய்ந்து மட்கிக்கொண்டுதான் இருக்கிறது.