கியர் இல்லாத ஸ்கூட்டரை முதன்முதலாக ஓட்டப் பழகுவது எப்படி?

நெரிசலில் பைக் ஓட்டுபவரின் இடது கை கிளட்ச்சோடும் இடது கால் கியரோடும் ஓயாமல் மல்லுக்கட்ட, ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கு அந்த இரண்டு வேலையுமே இல்லை. 1980-களில் கைனெடிக் ஹோண்டா வந்த காலத்திலிருந்து இத்தகைய வண்டிகளின் முதல் ஈர்ப்பு இதுதான். புடவையோடு ஏறலாம், காலடியில் அரிசிப் பையை வைக்கலாம் என்பவை அதற்கு அடுத்தபடிதான். ஆனால், குறைந்த வேலையெல்லாம் வலது மணிக்கட்டில் வந்து சேர்கிறது என்பதை நினைவில் வைத்துப் பழகத் தொடங்குங்கள்.

முதலில், ஆளில்லாத மைதானத்தில் சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டு அமர்ந்து, இரு பாதங்களும் தரையில் ஊன்றுகின்றனவா என்று பாருங்கள். பிறகு இடது பிரேக்கை அழுத்தியபடி செல்ஃப் பட்டனை அமுக்குங்கள். பிரேக் பிடிக்காவிட்டால் பெரும்பாலான ஸ்கூட்டர்கள் ஸ்டார்ட் ஆவதில்லை.

அடுத்து, பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரை மிக மெதுவாக முறுக்குங்கள். இன்ஜின் ஓரளவு வேகமெடுத்த பிறகுதான் உள்ளே இருக்கும் கிளட்ச் ஷூக்கள் சுழற்சி விசையால் விரிந்து பின்சக்கரத்துக்கு இழுவையைக் கொடுக்கும் என்பதால், முறுக்குவதற்கும் நகர்வதற்கும் நடுவே சிறு தாமதம் இருக்கும். புதியவர்கள் வண்டி நகரவில்லையே என்று இன்னும் முறுக்கிவிடுவதால்தான் அது திடீரென்று பாய்கிறது. காத்திருங்கள், தானாகவே நகரும். அதன்பின் வேகத்துக்கு ஏற்ப கியர் மாற்றும் வேலையைப் பெல்ட்டும், அது ஓடும் கப்பியான வேரியேட்டரும் பார்த்துக்கொள்ளும்.

நிறுத்துவதற்கு, ஆக்சிலேட்டரை முழுதும் விட்டுவிட்டு இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்துங்கள். பைக் ஓட்டிப் பழகியவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்: கிளட்ச் என்று நினைத்து இடது பிடியைச் சட்டென்று இறுக்கினால், அது பின்சக்கரத்தைப் பிடிக்கும், கூட்டு பிரேக் உள்ள வண்டிகளில் முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். மணல் படிந்த சாலையில் இதற்குச் சறுக்கல் நிச்சயம். இறக்கத்தில் கியரைக் குறைத்து வேகத்தை அடக்கும் வசதியும் இல்லாததால், தொடக்கத்திலிருந்தே வேகத்தை மட்டுப்படுத்துங்கள். சக்கரங்கள் சிறியவை, பைக்கில் தெரியாத பள்ளம் இதில் முதுகுவரை தெரியும்.

கடைசியாக, சாவியை அணைத்துவிட்டே வண்டியை விட்டு இறங்குங்கள். இன்ஜின் ஓடும்போது, வலது கைப்பிடியைப் பற்றி வண்டியை நகர்த்தினால், கை தன்னையறியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கி, வண்டி உங்களையும் இழுத்துக்கொண்டு சுவரில் போய் முட்டும்.